காலாண்டு வரைக்கும்தான் கணக்கு

ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப் எடுக்குறதும் ஒரு தொழில்தாங்க: சம்பளம் கிடையாது, ஞாயித்துக்கிழமை கிடையாது, மேஸ்திரி மாதிரி அதட்டுறவங்க மட்டும் நெறைய. இதே செக்குல மாட்டிக்கிட்ட என் இனத்தாருக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

சீட்டு கெடைச்ச விதம்

பத்தாவதுல நான் வாங்கின கணக்கு மார்க்கைப் பார்த்த எச்.எம். மேடம், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தாங்க. மார்க் ஏறல. "காமர்ஸ்ல சேர்ந்துக்கோம்மா"ன்னாங்க. எனக்கோ கப்பல்ல எஞ்சினியரா போகணும். திருவொற்றியூர்ல எங்க மொட்டை மாடியில நின்னா, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்குற கப்பலுங்க தெரியும். அதுக்குள்ள எஞ்சின் எப்படி இருக்கும்னு யோசிச்சே வளர்ந்தவ நான். ப்ளஸ் டூவுல கணக்கு இல்லைன்னா அந்தப் படிப்புக்கு வாசல்லயே நிறுத்திடுவாங்க. அங்கேயே ஓன்னு அழுதுட்டேன்.

மேடம் கொஞ்சம் இறங்கி வந்தாங்க. காலாண்டுப் பரீட்சையில கணக்குல பாஸ் பண்ணினா மேத்ஸ் குரூப்லயே இருக்கலாம். ஃபெயில்னா மறுநாளே காமர்ஸ் வகுப்புல போய் உட்காரணும். ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்டுற எங்கப்பா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, வெளியே வந்ததும் சொன்னாரு: "இன்னாத்துக்கு அழுவுற? லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்றா மாறிதான். கால கீழ வெக்காம போட்டுடு, அவ்ளோதான்."

கண்டக்டர் அண்ணன்

ஸ்கூல் ராயபுரத்துல. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டிடுச்சுன்னா பஸ் நகரவே நகராது. பஸ்ஸே அதுங்களைத் திட்டும், நான் மட்டும் மனசுக்குள்ள கும்பிடு போடுவேன். முந்தின நாள் செய்யாத வீட்டுப்பாடத்தை வேற எங்க போய் செய்யுறது?

அப்படி ஒரு நாள் மடியில நோட்டை வெச்சு எழுதிட்டிருந்தேன். பக்கம் பூரா எக்ஸ், ஒய், ஆல்ஃபா, தீட்டா. கண்டக்டர் அண்ணன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்து, "இன்னா சப்ஜெக்டுமா?"ன்னாரு. கணக்குண்ணான்னேன். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாரு. திருப்பினேன். அதுக்கடுத்த பக்கத்தையும் பார்த்தாரு. முகத்துல அவ்வளவு கவலை. "கணக்குன்ற, ஒரு நம்பர் கூட காணோமே? அப்போ எத்த வெச்சிமா எண்ணுவீங்க?"

வட்ட மேசை

எங்க கணக்கு டீச்சர் ஜெசிந்தா மிஸ். ஒரு நாள் போர்டுல ஒரு கணக்கு எழுதினாங்க. வட்ட மேசையைச் சுத்தி ஆறு பேர் உட்காரணும், அதுல ரெண்டு பேர் மட்டும் பக்கத்துப் பக்கத்துல உட்காரக் கூடாது, எத்தனை விதமா உட்காரலாம்? வகுப்பே குனிஞ்சு எழுதுது. எனக்கு மேசை கூட வரையத் தெரியல, வட்டம் பூசணிக்கா மாதிரி கோணலா வருது.

பக்கத்துல இருந்த என் தோஸ்து ஷகிலா கையைத் தூக்கினா. வண்ணாரப்பேட்டையில அவங்க வீட்டுல யாருக்கு என்ன பஞ்சாயத்துன்னாலும் நடுவுல போய் நிக்குறவ. விடை சொல்லப் போறாள்னு மிஸ்ஸுக்கு முகமெல்லாம் பல்லு. அவ எழுந்து கேட்டா: "மிஸ், அந்த ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை மிஸ்? மொதல்ல சமாதானம் பண்ணி வுட்டா கணக்கு ஈஸியா பூடுமே?"

நடுவுல காணோம்

'நிரூபி'ன்னு வர்ற கணக்கு உங்களுக்குத் தெரியாததா? இடது பக்கம் ஒரு நீளமான சமாசாரம், வலது பக்கம் ஒரு சின்ன சமாசாரம், ரெண்டும் ஒண்ணுதான்னு நிரூபிக்கணும். அதுக்குன்னு நம்ம ஆளுங்ககிட்ட ஒரு முறை இருக்கு. மேலேயிருந்து முடிஞ்ச வரைக்கும் இறங்குறது. மாட்டிக்கிட்டா, பக்கத்தோட அடியில விடையை எழுதிட்டு அங்கேயிருந்து ஏறுறது. ரெண்டும் கிட்ட வந்ததும் சாமியைக் கும்பிட்டு ஒரு சமக்குறி. கடைசியில 'நிரூபிக்கப்பட்டது'ன்னு எழுதி ரெண்டு கோடு.

காலாண்டு நெருங்கிடுச்சுன்னு மிஸ் ஒரு டெஸ்ட் வெச்சாங்க. நான் அந்த முறையில பக்காவா எழுதிக் கொடுத்தேன். மிஸ் சிவப்புப் பேனாவால மேலேயிருந்து டிக் போட்டுக்கிட்டே வந்தாங்க, அப்புறம் கீழேயிருந்து டிக் போட்டாங்க. நடுவுல பேனா நின்னுடுச்சு. "இறங்கினது சரி, ஏறினதும் சரி. நடுவுல படிக்கட்டே இல்லையே ரேவதி, எகிறிக் குதிச்சியா?"

தண்ணி பாட்டில்

ஜெசிந்தா மிஸ் பேப்பர் கொடுக்குறதுல ஒரு பழக்கம் உண்டு. நெறைய மார்க்குல ஆரம்பிச்சு கீழே வருவாங்க. பாஸ் பேப்பரெல்லாம் தீர்ந்ததும், திட்டுறதுக்குத் தொண்டையை நனைக்க பாட்டிலை எடுத்து ரெண்டு மடக்கு தண்ணி குடிப்பாங்க. தண்ணிக்கு முன்னாடி பேர் வந்தா பாஸ், அப்புறம் வந்தா பேஜாரு.

காலாண்டு பேப்பர் வந்துச்சு. ஷகிலா பேர் மூணாவதாவே வந்துடுச்சு. கட்டு இளைச்சுக்கிட்டே போகுது, என் பேரைக் காணோம். ஷகிலா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மிஸ் பாட்டிலை எடுத்தாங்க, மூடியைத் திருகினாங்க. சோலி முடிஞ்சுதுன்னு நான் டெஸ்குக்குள்ள இருந்த டிபன் பாக்ஸை எடுத்து பையில போட்டேன். கப்பலாவது ஒண்ணாவது. அப்போ மிஸ் அடுத்த பேப்பரைப் பார்த்துட்டு பாட்டிலைக் கீழே வெச்சு, "ரேவதி"ன்னாங்க. நான் டிபன் பாக்ஸைத் திரும்ப டெஸ்குக்குள்ள வெச்சுட்டிருந்தேன். "வந்து வாங்கிக்கோடி, எனக்குத் தாகமா இருக்குல்ல?"

பிரவுன் அட்டை

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில. கட்டில் மேல ஒரு அடுக்கு புத்தகம், எல்லாத்துக்கும் புதுசா பிரவுன் அட்டை, லேபிள்ல என் பேர். பிரிச்சா, கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல். பக்கத்து வீட்டு செல்வி அத்தையோட பொண்ணு படிச்ச காமர்ஸ் புத்தகங்க. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அப்போ நான் ஃபெயிலாயிடுவேன்னே முடிவு பண்ணிட்டியா?"ன்னு கத்தினேன். அம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "மறுநாளே அந்த கிளாஸுக்குப் போவணும்னாங்களே. அல்லாரும் புஸ்தகத்தோட குந்தினு இருக்க சொல்ல, நீ மட்டும் வெறுங்கையோட போய் நிப்பியா?"ன்னாங்க. கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. பேப்பரை நீட்டினேன். மார்க்கைப் பார்த்துட்டு அம்மா கட்டில்லயே உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம் எழுந்து ஒவ்வொரு லேபிளையும் நகத்தால பிச்சாங்க. அடுக்கைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டு வாசலுக்கே போயிட்டாங்க, நானும் பின்னாலயே. செல்வி அத்தை நல்ல மனசோடதான் சொன்னாங்க, "வெச்சுக்கோயேன், அரையாண்டு வேற வருது"ன்னு. அம்மா புத்தகங்களை அவங்க கையில திணிச்சாங்க. "அரையாண்டுலயும் எம் பொண்ணு கணக்குதான்கா எழுதுவா. அட்டை புச்சா போட்டது, அத்த நீயே வெச்சுக்கோ."

ஆக, என் இனத்தாரே, மேத்ஸ் குரூப்புல பரீட்சை எழுதுறதுதான் நாம. பாஸுக்கும் ஃபெயிலுக்கும் சேர்த்துத் தயாராகுறது அம்மாக்கள்.