சோணை அண்ணனின் பிரெஞ்சுக்காரன்

முதலில் மின்விசிறியை நிறுத்துவார். அது சுற்றி ஓயும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்கமாட்டார். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். இசைத்தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக் காகித உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, துண்டின் மடித்த முனையால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். ஊசியை இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். இறக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ம், பாடுப்பா" என்பார்.

பாடுகிறவன் ஒரு பிரெஞ்சுக்காரன். கனத்த ஆண் குரல், ஆனால் கனம் தெரியாமல் நடக்கும் குரல். கூட ஒரு பியானோ. வேறு எதுவும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய தட்டுகள் அவை. வேகமாகச் சுற்றும். ஒரு பக்கம் தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது.

சோணை அண்ணனுக்குத் தொழில் மைக்செட். பசுமலையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். வாசலில் நான்கு குழாய் ஒலிபெருக்கிகள் வாயைத் திறந்துகொண்டு கவிழ்ந்து கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். இருபத்தைந்து வருஷமாக ஊர்ச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதர். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பி.ஏ. முடித்துவிட்டுக் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாடியில் இருந்தபோது கீழே அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைக்செட்காரர் வீட்டில் சினிமாப் பாட்டு கேட்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் பாடினால் தொண்டை கிழியப் பாடுவார்கள் என்றும் நினைத்திருந்தேன். இவன் கத்தவே இல்லை. யாரிடமோ ஒரு துக்கத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்வது போலிருந்தது. இறங்கிப் போய் வாசலில் நின்றேன். சோணை அண்ணன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தட்டு முடிந்த பிறகுதான் பேசினார்.

"கேட்டீகளா? பக்கத்துல ஒக்காந்து பேசுறாப்ல இல்ல? மைக்குக்கு எம்புட்டுத் தூரத்துல நிக்கணும்னு தெரிஞ்ச ஆளு. நம்மூரு ஆளுக மைக்கக் கடிச்சுல்ல திங்கிறாய்ங்க."

பசுமலையில் முன்பு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பியபோது, வழியனுப்பு விழாவுக்கு இவர்தான் மைக் கட்டினாராம். அந்த அம்மாள் பேசும்போது சத்தத்தைத் தானாகவே குறைத்து வைத்தாராம். அதற்காகத்தான் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்பார். ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று உடைந்த தமிழில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறாள். மீதியை இவரே நிரப்பிக்கொண்டார். 'படகுக்காரன்', 'மழை விட்டது', 'ஒளிஞ்சு நின்னு பாக்குறவன்' என்று ஒவ்வொன்றுக்கும் இவர் வைத்த பெயர் உண்டு.

'ஒளிஞ்சு நின்னு பாக்குறவன்' அவருக்கு உயிர். அதில் பாட்டு முடிந்த பிறகும் பியானோ மட்டும் கீழ்க்கட்டைகளில் கொஞ்ச தூரம் தனியாகப் போகும். அந்த இடம் வரும்போது ஒரு விரலை உயர்த்துவார்.

"இப்பப் பாருங்க. இவன் சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சுட்டான். அந்தப் பொண்ணு இன்னும் யோசிக்கிறா."

பெண் எங்கே வந்தாள் என்று கேட்டேன். "அதான் அந்தப் பொட்டிச் சத்தம். அதுதான் அவ" என்றார். அதன்பிறகு என்னால் அந்தப் பியானோவை வேறு எதுவாகவும் கேட்க முடியவில்லை.

அவர் மனைவி அன்னக்கொடி மதினிக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஊரு பூராக் காதக் கிழிச்சுப்புட்டு வந்து, இங்க காச்சக்காரன் மொணங்குறதக் கேக்குறாரு பாருங்க தம்பி. பாடுறவன் சோறு கேக்குறானா, சுக்குத்தண்ணி கேக்குறானா?" என்பாள். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். மதினி எது சொன்னாலும் அவர் சிரித்துத் தலையாட்டுவதை நான் கவனித்திருக்கிறேன். நல்ல தாம்பத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மின்விசிறியின் சத்தத்தைக்கூடப் பொறுக்காதவர், வாசல் வேப்பமரத்து அணில் விடாமல் கத்துவதை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. இசையில் அப்படி ஆழ்ந்துவிடுகிறார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். படித்தவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில், "பாட்டு நல்லாத்தான்ணே இருக்கு. இந்த இரைச்சல்தான் தாங்க முடியல" என்றேன். பழைய தட்டுகள் அல்லவா? ஊசி இறங்கிய கணத்திலிருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு பொரிச்சல், அதன்மேல் விடாத ஒரு சீறல். அதற்கு அடியிலிருந்துதான் அந்தக் குரலைத் தோண்டி எடுத்துக் கேட்க வேண்டும்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த எரைச்சல்?"

"தட்டுல வர்றதுதான். கரகரன்னு."

"என்ன தம்பி, பாலு மாதிரி ஓடுது, கரகரங்கிறீக!" என்று சிரித்துவிட்டார். தன் பிள்ளைக்கு மாறுகண் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாத தகப்பனைப் போலத்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

போன ஆவணியில் திருவாதவூரில் என் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. அக்காள் புருஷன் நல்லகாமன் முன்கோபக்காரர், ஆனால் செலவுக்கு அஞ்சாதவர். மைக்செட்டுக்கு நான்தான் சோணை அண்ணனைச் சொன்னேன். விடியற்காலையிலேயே வந்து வேப்பமரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டி, பந்தலுக்குள் மைக்கை நிறுத்தி, ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய அவன் அழுதுகொண்டிருந்தான். ஆசாரி கம்பியை எடுத்துக் காது மடலில் வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சீர் வரிசையை அறிவிக்க ஒருவர் மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு குழாய்க்கு நேர் கீழே போய் நின்றுவிட்டார்.

கீ என்று எழுந்தது ஊளை. மைக்கில் போன சத்தம் குழாயில் வந்து, மறுபடியும் மைக்கில் நுழைந்து எழுப்புகிற அந்த ஊளையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மைக்செட்காரர்கள் மறுகணமே குமிழைத் திருப்பி அடக்கிவிடுவார்கள். சோணை அண்ணன் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, புன்னகை மாறாமல் மணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊளை மண்டைக்குள் கம்பியாக இறங்கியது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் காதுகளில் கையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்கள். என் மடியில் பிள்ளை இருந்ததால் என்னால் எழ முடியவில்லை. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன்.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். காதில் கை வைத்திருந்த அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, 'இந்தா, இந்தா' என்பது போலத் தலையை அசைத்துவிட்டு, குனிந்து, சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார். அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

பிள்ளை வீறிட்டுத் துள்ளியது. கம்பி மடலைக் கீறிக் கன்னத்தில் இழுத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அக்காள் அலறினாள். நல்லகாமன் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கி எறிந்தார். திடீரென்று விழுந்த அமைதியில் அவர் குரல் மட்டும் பந்தல் முழுக்கக் கேட்டது.

"யோவ், செவிடாய்யா நீ?"

அது வசவு. எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுகிற வசவு. ஆனால் சோணை அண்ணன் கன்னத்தில் அறை வாங்கியவர் போல நின்றார். தரையில் கிடந்த வயரைப் பார்த்தார், ஆம்பிளிஃபயரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அணில், இரைச்சல், தலையாட்டல் எல்லாம் அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது.

கீறல் ஆழமில்லை. மஞ்சளை அப்பி, மறுபடியும் உட்கார்ந்து, காது குத்தி முடித்தார்கள். நான் சாப்பிடாமல் அவரைத் தேடிக்கொண்டு போனேன். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் குழாய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டேன். "எப்பயிருந்துண்ணே?"

"தெரியலையே தம்பி" என்றார். "முன்னெல்லாம் அந்தத் தட்டு கரகரங்கும். நீங்க சொன்னீகல்ல, அதே மாதிரி. நானும் ஊசிய மாத்தி மாத்திப் பாப்பேன். ஒருநா போட்டேன், சுத்தமா இருந்துச்சு. அம்புட்டுச் சுத்தம். புது ஊசி வேலை செஞ்சிருச்சுன்னு அன்னைக்குச் சந்தோசத்துல ஒங்க மதினிக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன்."

அவர் பக்கத்தில் கிடந்த வயரை எடுத்துச் சுற்றினேன்.

"மெலிசுக் குரலெல்லாம் போயிருச்சு. பொம்பளைக பேசுனா வாய் அசையிது, நடுநடுவுல ஏதோ கொஞ்சம் விழுகுது. அந்தத் தட்டுல பாடுறவன் ஒருத்தன்தான் இன்னும் முழுசா வாரான். இன்னைக்குத்தான் தம்பி எனக்கே வெளங்குது." குழாய் ஒன்றின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "தொழிலு போனாப் போகுது. பழைய சாமானா வித்துப்புடலாம். ஒங்க மதினிக்கு மட்டும் தெரிய வேணாம்."

"ஏன்ணே?"

"நாள் பூரா என்கிட்ட பேசிக்கிட்டே இருக்கிறவ. கேக்கலைன்னு தெரிஞ்சா நிறுத்திருவா. கேக்காட்டியும் அவ வாய் அசையிறதப் பாத்துக்கிட்டாச்சும் இருப்பேன்."

அவருடைய ரசனை என்று நான் இத்தனை நாள் மதித்தது என்ன? எல்லாக் குரல்களும் போன பிறகு மிஞ்சிய ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் ரசனையா? பஸ்ஸில் அவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து இதையே யோசித்தேன். ஆனால் இரைச்சலோடு கேட்ட காலத்திலும் அவர் இவனைத்தானே கேட்டார்? எனக்கு இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழாய்களைக்கூட இறக்கி அடுக்காமல் உள்ளே போய் மின்விசிறியை நிறுத்தினார். 'ஒளிஞ்சு நின்னு பாக்குறவன்' தொடங்கியது. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மதினி அடுப்படியிலிருந்து வந்து, "சாப்பிட்டு வந்தீகளா, இல்ல சோறு போடவா?" என்று கேட்டாள். கீச்சென்ற குரல் அவளுக்கு. அவர் திரும்பவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உங்களுக்கும் தெரிஞ்சிருச்சா தம்பி?" என்றாள்.

திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவள் குரலைத் தணிக்கக்கூட இல்லை.

"எனக்கு ஒரு வருசமாத் தெரியும். எதச் சொன்னாலும் தலைய ஆட்டுறாரேன்னு ஒருநா, 'மாடி ஓட்டப் பிரிச்சு வித்துப்புட்டேன்'னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சிரிச்சுத் தலைய ஆட்டுனாரு. அடுப்படில போயி அழுதேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நொறுங்கிருவாரு தம்பி. அதான் நானும் வாயடிச்சுக்கிட்டே கெடக்கேன்."

சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது. இருந்தாலும் சொன்னேன். "மெலிசுக் குரல்தான் மதினி கேக்கல. தடிச்ச குரல் கேக்குதாம். இவன் குரல் முழுசா வருதாம்."

அவள் சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'காச்சக்காரன்' என்று அவள் பழித்த குரல் கீழே இறங்கி, தயங்கி, மறுபடி நடந்தது. மதினியின் உதடுகள் லேசாக அசைந்தன. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் ஆண் வேஷம் கட்டியவளைப் போல, அடிவயிற்றிலிருந்து கனமாக, நிதானமாகச் சொன்னாள்.

"சோறு ஆறுது. வாங்க."

பாட்டு பாதியில் இருந்தது. சோணை அண்ணன் எட்டி ஊசியைத் தூக்கினார். தட்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, அவள் பக்கம் திரும்பி, வாய்க்கு வெகு அருகே வலது காதைக் கொண்டுவந்து வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.