மண்ணுக்குப் போகாத கவர்

கிருமிகளுக்குச் சோறு போட்டுப் பிளாஸ்டிக் வாங்குவதுதான் அப்போது என் வேலை. இதைச் சொல்லிப் பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காபியோடு அனுப்பிவிட்டார்கள். முதலாளியிடம் "ஆகும் சார்" என்று வாய்விட்டுவிட்டு அப்புறம் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இது.

சோறு போட்டவன்

முதலிபாளையத்தில் பனியன் அடைக்கும் கவர் செய்கிற கம்பெனி எங்களுடையது. மண்ணில் மக்கும் கவர்தான் வேண்டும் என்று பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்டதால், "ஆகும் சார்" என்று நான் சொன்னதை நம்பி முதலாளி எனக்கு ஒரு சின்ன லேப் போட்டுக் கொடுத்தார். ஆர்டர் கிடைக்காவிட்டால் லேப்பை மூடிவிடுவோம், நான் பழையபடி சாயப்பட்டறைக்குப் போக வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சர்க்கரைப் பாகு ஊற்றினால் சில கிருமிகள் நாம் கொழுப்பு சேர்ப்பதுபோல உடம்புக்குள் பிளாஸ்டிக்கைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றை உடைத்து அதை எடுப்போம். பேக்கிங் பார்க்கும் தூத்துக்குடி ஜெசிந்தா இதைக் கேட்டுவிட்டு முகம் வாடிப்போனாள்.

"வளத்துட்டு நீங்களே கொன்னுருதீயளே சார், பாவம் இல்லையா?"

முதல் கவர்

பொங்கலூரில் ஒரு தோட்டக்காரர் அனுமதியோடு முதல் கவரைப் புதைத்தோம். சில மாதத்தில் இருந்த இடம் தெரியவில்லை. குழியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன். ஆனால் அதே பிளாஸ்டிக்கில் செய்த இன்னொரு கவரில் ஜெசிந்தா பனியனை மடித்து வைத்ததும் மூலையில் படக்கென்று விரிசல் விட்டது.

"என்னுங்க தம்பி, அப்பளமாட்ட நொறுங்குது?" என்றார் முதலாளி.

கப்பல் பயம்

அந்தப் பிளாஸ்டிக்கோடு வேறொரு ரசாயனத்தைக் கோத்து வளையவைத்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் கப்பலில் போன பனியனில் கரும்புள்ளி விழுந்து சரக்கு திரும்பிய கதையை முதலாளி சொன்னதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. பூஞ்சையையும் கிருமியையும் கொல்கிற மருந்து ஒன்றை, கழுவினாலும் போகாதபடி கவரிலேயே பிணைத்தேன். ஈர அறையில் வாரக்கணக்கில் வைத்தும் பனியனில் ஒரு புள்ளி இல்லை. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இனி ஒரு கிருமியும் கிட்ட வராதுங்களா? அப்ப ஜெயிச்சுட்டீங்க தம்பி!"

பொங்கலூர்க் குழி

பையர் வருவதற்கு முந்தின வாரம், சில மாதம் முன்பே புதுக் கவரைப் புதைத்திருந்த குழியைத் தோண்டினோம். மண்ணை உதறியதும் கவர் பளபளவென்று வந்தது. கம்பெனிப் பெயர்கூட அழியவில்லை. மருந்தைப் பற்றிச் சொன்னேன். தோட்டக்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, மண்ணுல இதத் திங்கறதுக்கு இருக்கறதும் கிருமி தானுங்களே?"

பையர் வந்த நாள்

முதல் கவர் மக்கிப்போன குழியின் போட்டோ என் பையில் இருந்தது. அதைக் காட்டினால் ஆர்டர் நிச்சயம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசியில் மண் ஒட்டிய கவரையே மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். பையர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆர்டரும் அவரோடு போய்விட்டது. முதலாளி லேப் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த தடவ நல்லாக் கெட்டுப்போறதாப் பார்த்துச் செய்யுங்க தம்பி."

இப்போது சாயப்பட்டறைக்கு டிபனை அந்தக் கவரில்தான் சுற்றி எடுத்துப் போகிறேன், வருஷங்கள் ஆகியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.