மலைக்குப் போன தேங்காய்

கைலாயத்துக்குப் போகச் சீன விசா வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. "அப்ப எவரெஸ்ட் பக்கம் போவம். பக்கத்து வீடுதானே, சிவனுக்குக் கேக்கும்" என்றாள் மனைவி.

முந்தைய வருடம் அவளுடைய மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், ஒன்றுமில்லை என்று வந்தால் இமயமலையில் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. லண்டனில் இத்தனை பிள்ளையார் கோயில் இருக்க இமயமலையை ஏன் இழுத்தாள் என்று நான் கேட்கவில்லை. நேர்த்தியைத் தீர்க்காவிட்டால் கட்டி திரும்பி வரும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. வாசிக்கிற மனிதன் என்பதால் வெளியில் சொல்லவில்லை.

தேங்காய் லண்டனில், ஃபாரஸ்ட் கேட் தமிழ்க்கடை ஒன்றில் வாங்கியது. ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, சம்பலுக்கோ?" என்றார் கடைக்காரர்.

"இல்லை அண்ணை, இமயமலைக்கு."

"அப்ப குடுமியோட இருக்கிறதா எடுங்கோ" என்றார், அடுத்த ஆளுக்கு வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டே.

எவரெஸ்டைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் வாசலில் சிப்பாய் ஒருவர் பைகளைத் திறந்து பார்த்தார். எனது இமயமலைப் புத்தகங்களை அவர் பொருட்படுத்தவில்லை. தேங்காயை எடுத்து, அவரும் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தார்.

எங்கள் வழிகாட்டி என் வயதுக்காரர். அந்த வயது அவருடைய முழங்காலுக்கு மட்டும் தெரியவில்லை. பூங்காவுக்குள் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று அவர் சொன்னதை மனைவிக்குச் சொன்னேன்.

"சிரட்டையையும் பொறுக்கிக்கொண்டு வருவன் எண்டு சொல்லுங்கோ."

சிக்கல் சிரட்டையில் இல்லை, கல்லில் இருந்தது. பாதையோரப் பாறைகளில் பிரார்த்தனை எழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள். அவற்றை வலமாகத்தான் சுற்றிப் போகவேண்டும். கோயில்போல இருக்கிறது என்று மனைவிக்கு அது நன்றாகப் பிடித்தது. கோயில்போல இருந்ததால் அங்கே தேங்காயை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்தில்லாத கல் உண்டா என்று நான் ஒவ்வொரு பாறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். யாக் மாடு ஒன்று நின்று என்னைப் பார்த்தது. ஒருவழியாக வெறும் பாறை ஒன்று அகப்பட்டது. வழிகாட்டி எதிரே தெரிந்த சிகரத்தைக் காட்டி, அது தங்கள் ஊரின் தெய்வம், அதில் யாரும் ஏறுவதில்லை, இந்தக் கல்லும் அதிலிருந்து உருண்டு வந்ததுதான் என்றார். அடிக்கவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம்.

ஆக, இமயமலை முழுக்கக் கல். ஒரு தேங்காய்க்குக் கல் இல்லை.

அன்று தங்கிய விடுதியின் சமையலறையைக் காட்டி, "குசினிக் கத்தியின்ரை பின்பக்கத்தாலை ஒரு போடு போடுவமே?" என்றேன்.

"நேர்த்தித் தேங்காயைச் சம்பல் தேங்காய் மாதிரியோ? உங்களுக்கு விசரே?"

தேங்காயை வெளியே ஜன்னல் விளிம்பில், குடுமி அந்தச் சிகரத்தைப் பார்க்கும்படி வைத்தாள். "இனி அவர் பாத்துக்கொள்ளட்டும்" என்று போர்வைக்குள் போனாள்.

விடிந்ததும், "இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ!" அந்த உயரத்தில் யாரும் ஓடுவதில்லை. நான் மூச்சிரைத்தபடி நடந்து வந்தேன்.

தேங்காய் நடுவில் வளையமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பனிக்கட்டி மின்னியது.

"ஆரப்பா உடைச்சது?" என்றாள்.

தண்ணீர் உறையும்போது விரியும் என்று எனக்குத் தெரியும். மூன்று மொழிகளில் தெரியும். அவள் இரண்டு பாதியையும் பிரித்து, முகர்ந்து, வெள்ளைவெளேரென்ற உள்பக்கத்தை எனக்குக் காட்டினாள். அழுகல் இல்லை.

"இது கணக்கிலை வருமோ?" என்று கேட்டாள்.

வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் சிகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் நேர்ந்தது மலையிலை இருக்கிறவருக்கு. அவரே உடைச்சிருக்கிறார். இதைவிட என்ன வேணும்?" என்றேன். குரல் என்னுடையதுதான்.

கரண்டியால் பனியைக் கொத்தி வழிகாட்டிக்கும் விடுதிக்காரப் பெண்ணுக்கும் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாயைத் திறவுங்கோ" என்றாள். பல் கூசியது. இனித்தது.

சிரட்டைகளைச் சுமந்து இறங்கியது நான். வாசலில் அதே சிப்பாய். ஒரு பாதியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.