அழிக்காமல் விட்ட கார்டு

தெருவில் எல்லோரும் அவளைக் ‘கட்டிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையற்காரி என்று நினைத்துத் துணியோடு மாடியேறி வந்தவர்களும் உண்டு. அவள் வெட்டி ஒட்டுவது கல்யாண வீடியோக்களை.

எடிட்டிங் மென்பொருளின் சோதனைக் காலம் முடிந்தபோது கையில் வேலை மலைபோலக் கிடந்தது. ஏதோ ஓர் இணையதளத்தில் திருட்டுச் சாவி எண் கொடுக்கும் ஃபைல் கிடைத்தது. ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்றிருந்தது. மனசு உறுத்தியது. ஆனாலும் அணைத்தாள். மழைக்காலம் முழுக்க எல்லாம் நன்றாகவே ஓடியது.

ஒரு நாள் காலை எந்த வீடியோவும் திறக்கவில்லை. ஃபைல் பெயர்களின் வாலில் புரியாத எழுத்துகள். பணம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும் என்று திரையில் ஒரு மிரட்டல். மாட்டிக்கொண்டதில் ஒரு கல்யாணம் இருந்தது. மணப்பெண்ணின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அவர் பேசிச் சிரித்ததெல்லாம் அதில்தான். அந்தப் பெண் வார முடிவில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

படம் பிடித்தது கட்டிங் அக்காவின் கொழுந்தன். சரியான சோம்பேறி. கேமரா கார்டை அழித்துவைக்கச் சொல்லி அவள் கத்தாத நாளில்லை. உடனே அவனுக்குப் போன் செய்தாள்.

“அந்தக் கல்யாணக் கார்டை என்ன பண்ணினே?”

“ஐயோ அண்ணி, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. இதோ, இப்பவே அழிச்சிடறேன்.”

“தொடாதே! தொட்டா கையை உடைச்சிடுவேன்!”

“அழிக்கலேன்னாலும் திட்டு, அழிக்கிறேன்னாலும் திட்டா?”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

கணினி பழுதுபார்ப்பவர் வந்து பார்த்தார். “பணம் கட்டிடாதீங்கம்மா. கட்டினாலும் தருவான்னு என்ன நிச்சயம்? சுத்தமா துடைச்சுப் புதுசா போட்டுத் தரேன். பாஸ்வேர்டையெல்லாம் வேற மெஷின்லேர்ந்து மாத்திடுங்க.”

“சாஃப்ட்வேருக்கு எங்கே போறது?”

“கம்பெனி சைட்டுலயே மாசாமாசம் கட்டுற மாதிரி இருக்கு. வேலை இல்லாதப்போ நிறுத்திக்கலாம். இலவசமாவே நல்லதும் இருக்கு, செஞ்சவங்க சைட்டுலேர்ந்து மட்டும் இறக்குங்க. உங்க வேலைக்குத் தாராளம்.”

இலவசமானதையே போட்டுக்கொண்டாள். பொத்தான்கள் இடம் மாறியிருந்ததில் முதலில் எரிச்சல்தான். ஆனால் ‘அப்டேட் செய்யவா?’ என்று திரை கேட்டபோது, மாட்டிக்கொள்வோமோ என்ற பயமில்லாமல் ‘சரி’யை அழுத்தினாள். கொழுந்தன் அழிக்காமல் வைத்திருந்த கார்டுகளிலிருந்து மற்றதெல்லாம் திரும்பக் கிடைத்தது; ஒரு பிறந்தநாள் வீடியோ மட்டும் போனது போனதுதான். அந்த வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். திரையில் அவளுடைய அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி ஏதோ கிண்டல் செய்ய, பக்கத்தில் மணக்கோலத்தில் இருந்த அவள் குனிந்து சிரித்தாள்.

“இன்னொரு தடவை போடுங்கக்கா.”

போட்டாள். கேட்காமலே அதற்குப் பிறகும் ஒரு தடவை போட்டாள்.