செம்புத் தகட்டில் முழங்கை

எங்கள் பட்டாசு குடோன் வாசலில், இடுப்பு உயரத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உள்ளங்கையை அழுத்த வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் போனால் ஒரு பொறி போதும். உள்ளே இருப்பது தீபாவளி லோடு. எல்லாரும் கை வைக்கிறார்களா என்று பார்ப்பது குடோன் பொறுப்பாளனான என் வேலை.

போன சீசனில் தாயில்பட்டிப் பக்கம் மெட்ராஸ் ஐ பரவியது. முதலில் பெட்டி கட்டும் ஒரு பெண் சிவந்த கண்ணோடு வந்தாள், வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் லோடுமேன்களில் இருவர். அதன் பிறகு அந்தத் தகட்டில் படுகிற கைகளை எண்ண ஆரம்பித்தேன். எல்லார் கையும் தவறாமல் படுகிற இடம் அதுதான். சானிடைசர் வைக்க முடியாது. ஸ்பிரிட் கலந்த எதுவும் கேட்டைத் தாண்டி வரக்கூடாது. குழாயும் சோப்பும் கேட்டுப் பக்கம் இருக்கின்றன. பட்டாசுக்கு ஈரம் ஆகாது என்பதால், தகட்டைத் தொட்ட பிறகு கழுவிவிட்டு உள்ளே போகவும் வழியில்லை.

என் பதற்றத்துக்கு இன்னொரு காரணம் வீட்டில் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மதுரையில் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன். சர்க்கரை கூடியதால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. வீட்டில் யாருக்காவது கண்வலி வந்தால் மறுபடி தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தனித் துண்டு, தனித் தலையணையோடு முன்னறையில் படுத்தேன். கண் அரித்தால் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரிக்காதபோதும் அரிப்பதுபோலவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்த நடுவயதுத் தொழிலாளி ஒருத்தி, தகட்டை முழங்கையால் இடித்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"ஏம்மா, கைய வை."

"வச்சேன்ல அண்ணாச்சி."

"சட்டையில்ல பட்டுச்சு. தோலு படணும்."

பின்னால் நின்ற லோடுமேன் சிரித்தான். "அண்ணாச்சி மட்டும் ரெண்டு நாளா உள்ள வராம வாசல்லயே நிக்கீக. தகடு எங்களுக்கு மட்டுந்தானா?"

உண்மைதான். இரண்டு நாளாக வாசலில் நின்றபடியே இருப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நானும் போய் உள்ளங்கையை அழுத்தினேன். செம்பு வெதுவெதுப்பாக இருந்தது, லேசாகப் பிசுபிசுத்தது. பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்தபடி நின்றேன்.

அந்தப் பெண் என் கையையே பார்த்தாள். "கண்ணுல கை வைக்காத, வைக்காதங்கீக. மொளங்கைய யாராச்சும் கண்ணுல வைக்க முடியுமா? சட்டைய ஏத்திவிட்டு மொளங்கைய வச்சா தோலு படும்ல?"

லோடுமேன் உடனே தன் முழங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக முயன்று தோளை முறுக்கினான். "ஏலே, களுத்து சுளுக்கிரும்லே," என்றான் அவன் கூட்டாளி. சொல்லிவிட்டு அவனும் முயன்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டில் வைத்திருந்த போனில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெறும் தோல் நன்றாக அழுந்தினால் சரி, இடித்துவிட்டு ஓடக்கூடாது என்றார். அன்று மத்தியானத்திலிருந்து சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை அழுத்தி, ஒரு மூச்சு நின்று உள்ளே போனோம். வெளியே வந்ததும் சோப்பு. ஆனால் காலையில் என் உள்ளங்கை பட்டது பட்டதுதான். புதனும் வியாழனும் கண்ணாடி முன்னால் கழிந்தன.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடியையும் நம்பாமல், மனைவியை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கண் சிவந்திருக்கிறதா என்று முகத்தைக் காட்டினேன்.

"எனக்கு எல்லாமே புகையாத்தான் தெரியுது. எங்கிட்டப் போயி காட்டுதீகளே," என்றாள்.

பஸ்ஸில் அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு மதுரை வரை நின்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கூட வந்தவர் யார் என்று கேட்டு, என் கண்ணிலும் அடித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. அம்மா மட்டும் உள்ள வாங்க."

கதவு மூடியது. நான் குழாயைத் தேடிப் போய், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கண்களையும் ஆசை தீர, சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன்.