ஊதுகாரர் பையோடு போனால்

கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் அவள் அந்தப் பெயரை முதலில் கேட்டாள். "மாப்பிள்ளையை ஊருக்குள்ள ஊதுகாரர்னு சொல்வாங்க," என்றார் தாய்மாமன்.

"பீடியா, சுருட்டா மாமா?" என்று கேட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினாள்.

பட்டாளத்தில் பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பு ஊதியவர், காலில் குண்டடி பட்டுத் திரும்பி வந்து இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார் என்று மாமன் விளக்கினார். ஊருக்குள் எதற்காக ஊதுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. சண்டையில் யாராவது செத்தால் சேதி முதலில் முன்னாள் வீரர்கள் சங்கத்துக்கு வரும். பெற்றவள் தனியாக நின்று அதைக் கேட்கக் கூடாது என்று ஊரே செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. ஊதுகாரர் தெருமுனையில் நின்று ஊதுவார். கதவெல்லாம் திறக்கும். போட்டது போட்டபடி எல்லோரும் அவர் பின்னால் நடப்பார்கள். அவர் எந்த வாசலில் நிற்கிறாரோ, அந்த வீட்டுப் பிள்ளை. அதுவரை ஒவ்வொருத்தியும் தன் வாசலைத் தாண்டுகிறாரா என்று பார்த்தபடியே நடப்பாள்.

நினைவுத்தூணுக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை மரியாதைக்காகவும் ஊதுவார். அதற்கு முந்தின நாளே, "நாளைக்கு ஊதுறது மரியாதைக்கு, யாரும் பதற வேண்டாம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். அந்த வாரம் பழைய வீரர்கள் பெட்டியிலிருந்து உடுப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். பொத்தான் எட்டாத தொப்பைக்காரரிடம், "துணி சுருங்கிடுச்சுண்ணே, உங்க மேல தப்பில்ல," என்பார். ஒரு கை இல்லாதவருக்குச் சட்டையின் காலிக் கையை மடித்துத் தானே ஊசி குத்திவிடுவார்.

பழகும்போது தெருவுக்குச் சத்தம் கேட்காமலிருக்க பியூகிளின் வாய்க்குள் ஈரத்துணியை அடைத்துக்கொள்வார். ஒருமுறை பியூகிள் நெளிந்துவிட்டது. பையில் போட்டுக்கொண்டு பற்றவைப்புக் கடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு தெருவே நடந்து வருகிறது.

"ஏம்மா, நெளிவு எடுக்கப் போறேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பால்காரி அப்படியே தரையில் உட்கார்ந்து, "நல்லா இருப்பீங்கண்ணே, அத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள்.

அவர்கள் மகனும் பட்டாளத்துக்குப் போனான். சங்கச் செயலாளரின் தம்பியும் அவனும் ஒரே பஸ்ஸில் கிளம்பினார்கள். எல்லையில் சண்டை மூண்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம வீட்டுக்குன்னா யாருங்க ஊதுவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பெட்டியில கரி போடு," என்றார் அவர்.

ஒரு மத்தியானம் செயலாளர் கடை வாசலில் வந்து நின்றார். எப்போதும் எந்த வீடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்று உட்காரவில்லை.

"எடுத்துட்டு வாங்கண்ணே."

"எந்த வீடு?"

செயலாளர் கடைக்குள் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் மேல் நின்றது நின்றபடி இருந்தது. கருகல் வாடை வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை.

"எந்த வீடுன்னு கேக்கறேன்ல, தம்பி."

தண்ணீர் தெளிக்கும் கிண்ணத்தை அவள் மடியில் வைத்திருந்தாள். அது சாய்ந்து புடவையெல்லாம் நனைந்தது. "சொல்லிடுங்க தம்பி. நான் உக்காந்துதான் இருக்கேன்."

"எங்க வீடு அண்ணி. அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது."

அவளுக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எங்க பையன்?"

"அவனப் பத்தி ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வரலன்னா?"

"வரல அண்ணி. அவ்வளவுதான்."

தெருமுனையில் முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். கதவுகள் திறந்தன. அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ச் செயலாளரின் தாயைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அதற்குப் பல நாள் கழித்து மகன் ஃபோனில் பேசினான். நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அதே வாரம் செயலாளர் கடைக்கு வந்து, "எனக்கும் ஊதக் கத்துக்கொடுங்கண்ணே," என்றார்.

"உனக்கு எதுக்கு?"

"உங்க வாசல்ல வந்து நீங்களே…" அவர் முடிக்கவில்லை.

ஊதுகாரர் கையிலிருந்த சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தார். மடித்தும் வைத்தார். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடைக்குப் பின்னாலிருந்து அந்த அடைபட்ட சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஊதுகாரர் இப்போதும் அதே இஸ்திரிக் கடையில்தான் இருக்கிறார். மகன் எல்லையில் இருக்கிறான். பியூகிள் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.