பிரேக் பிடிக்காத அஷ்டமி

லாரியிலிருந்து இறக்கியபோது அந்தக் காருக்குச் சக்கரங்கள் இருந்தன, டயர்களில் காற்று இல்லை. வழுதக்காட்டில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அதன் ஷெட்டில் கிடந்ததை அண்ணா கேட்டு வாங்கி வந்திருந்தான். இரண்டே இருக்கை, மேல்மூடி கிடையாது, அந்தக் காலத்தில் சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் வலியசாலை அக்ரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவை, வாசலில் காரை நிறுத்த வழியில்லை. பின் சந்து வழியாக நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் விட்டார்கள். அண்ணா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "மன்னிகிட்ட சொல்லு, வண்டி வந்தாச்சுன்னு" என்றான். மன்னி, அதாவது அவன் மனைவி, எங்கள் பக்கத்திலேயே கிணற்றடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தே, "பார்த்தாச்சுன்னு சொல்லு" என்றாள்.

பல வருஷமாக எங்கள் வீடு இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மன்னி வங்கியில் வேலை பார்த்தவள். ஒரு சமயம் அவளுக்குப் பதவி உயர்வு வருவதாக இருந்தது, வந்தால் பாலக்காட்டுக்கு மாற்றல். ஒரு கல்யாணப் பந்தியில் அவளுடைய மேனேஜருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அண்ணா, அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது, விட்டுவிடுங்கள் என்று தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். பாயசம் வருவதற்குள் மன்னியின் உத்தியோகம் தீர்மானமாகிவிட்டது. மேனேஜர் வாயால்தான் அவளுக்கே அது தெரியவந்தது. வீட்டுக்கு வந்து அவள் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "என் காரியத்தை என்கிட்ட கேக்காம அடுத்தவாகிட்ட பேசினவருக்கு, இனிமே எல்லாப் பேச்சும் அடுத்தவா மூலம் மதி." மதி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் போதும் என்று அர்த்தம்.

அந்த அடுத்தவள் நான். கல்யாணமும் வேண்டாம் காட்சியும் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு பிறந்த வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தவளுக்கு இந்தத் தபால் உத்தியோகம் வந்து வாய்த்தது. அதற்கு லீவும் கிடையாது, ரிட்டையர்மெண்டும் கிடையாது. சாம்பாரில் உப்புக் குறைவு என்பதிலிருந்து அவர்கள் பிள்ளையின் கல்யாணப் பேச்சுவரை எல்லாம் என் வாய் வழியாகத்தான் போயிற்று. கடுப்பான வார்த்தைகளை வழியிலேயே கொஞ்சம் தட்டி மிருதுவாக்குவேன். இரண்டு பேருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

அண்ணா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சினைப் பிரித்துப் பழைய வேஷ்டியில் பரப்பிவிட்டான். பெங்களூரில் இருக்கும் பிள்ளை, இங்கே கிடைக்காத ரப்பர் சாமான்களை எங்கிருந்தோ வரவழைத்து அனுப்பினான். மன்னி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், காரின் விளக்கு வளையங்களை முற்றத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதைப் போல விபூதியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இருக்கைகளுக்கு ரெக்சின் வாங்கிவந்து தானே தைத்தாள். எதற்கு மன்னி இதெல்லாம் என்று கேட்டேன். கொல்லையில் ஒன்று கிடந்து துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள். தையல் நன்றாக இருக்கிறதென்று அண்ணா சொல்லியனுப்பினான். அந்த மாதிரிச் செய்தி எடுத்துப்போவது எனக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினேன்.

நவராத்திரி வந்தது. கொலு வைத்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே மன்னி சொன்னாள்: "பூஜை எடுத்ததும் நான் நாகர்கோவில் போறேன், தம்பியாத்துக்கு. திரும்பி வர்றதா இல்லை. உங்கண்ணாகிட்ட சொல்லிடு." அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதை எப்படித் தட்டி மிருதுவாக்குவது? உள்ளபடியே போய்ச் சொன்னேன். அண்ணா ஸ்பேனரைக் கீழே வைத்தான். எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொன்னான். திரும்பி வருவதாக இல்லை என்றுதான் சொன்னேனே என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டான். அவன் எனக்கு உடன்பிறந்தவன், ஆனால் ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், ராத்திரி விழித்து உட்கார்ந்ததும் மன்னிதான். அவள் இல்லாத வீட்டில் அண்ணாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அஷ்டமியன்று கார் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, பிரேக் ஒன்றுதான் பாக்கி. இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விடும். அதில் மன்னி கறார். தசமியன்று வண்டியைப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைக்கவேண்டும் என்று அண்ணாவுக்கு ஆசை. ஆகவே அன்று சாயங்காலத்துக்குள் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்தாகவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்கவேண்டும், ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வெளியே வந்ததும் மூடவேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

நான் ஏறி உட்கார்ந்தேன், கால் எட்டவில்லை. அந்த இருக்கையை முன்னால் நகர்த்தவும் முடியாது. மன்னி நல்ல உயரம். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அண்ணா பின் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, "அமுக்கச் சொல்லு" என்றான். நான் மன்னியிடம், "அமுக்குங்கோ மன்னி" என்றேன். அவள் அமுக்கிவிட்டு, "அமுக்கியாச்சுன்னு சொல்லு" என்றாள். நான் குனிந்து சொன்னேன். அவன் திறந்தான், மூடினான், விடச் சொல்லு என்றான். அவன் மூடுவதற்கு முன்னாலேயே அவள் விட்டிருந்தாள். அடுத்த தடவை, மூடட்டுமா என்று அவன் கேட்டதை மூடியாச்சு என்று எடுத்துக்கொண்டு, நான் அவளை விடச் சொல்லிவிட்டேன். இப்படியே எத்தனை தடவை! எடுத்த காற்றெல்லாம் திரும்பத் திரும்ப உள்ளே போயிற்று. பிரேக் மிதித்தால் தரைவரைக்கும் போய்ப் பஞ்சு மாதிரி அமுங்கிக் கிடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை, அதில் நான் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "காத்து குழாயில இல்லை, நான்தான் காத்து. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். அந்த வீட்டு மாமி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் மதில்தான், எல்லாம் கேட்கும். மாமி கொடியில் பாதித் துணியை எடுத்து முடித்தாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அப்புறம் அண்ணாவின் குரல்: "அமுக்கு." மன்னி: "பிடிச்சிண்டிருக்கேன்." "விடாதே." "விடலை." "இப்போ விடு." மாமி என் தோளைத் தொட்டு, "எந்தாடி, ரெண்டு பேரும் பேசறாளே?" என்று கிசுகிசுத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். நாலு சக்கரமும் முடிந்ததும் மன்னி சொன்னாள், "கல்லு மாதிரி ஆயிடுத்து." அண்ணா, "மதி" என்றான்.

அவ்வளவுதான். சாயங்காலம் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தாள் மன்னி. நவமி முழுவதும் பழையபடி என் வழியாகத்தான் பேச்சு. பேசினது பிரேக்குக்காக, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று தோன்றியது. அவளுடைய பெட்டி அறை மூலையில் கட்டியபடியே இருந்தது.

தசமி காலையில் பூஜை எடுத்தாயிற்று. மன்னி பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணா அடுக்களைக்கு வந்து, "மன்னிகிட்ட சொல்லு, பஸ்ஸிலே போகவேண்டாம், நான் கொண்டு விடறேன்னு" என்றான். நான் சொல்லமாட்டேன் என்றேன். கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். அசையவில்லை நான். கடைசியில் கூடத்துக்குப் போனான். பந்தியில் அத்தனை சுலபமாகப் பேசியவன், சொந்த மனைவிக்கு முன்னால் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"நீ போறதும் வர்றதும் உன் இஷ்டம். அதுல நான் சொல்ல ஒண்ணுமில்லை. அன்னிக்கும் சொல்லியிருக்கப்படாது. நான் கொண்டு விடட்டுமா?"

மன்னி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பிரேக் பிடிக்குமா?"

"அமுக்கினது நீ. நீதான் சொல்லணும்."

அவள் பெட்டியைத் தூக்கினாள். பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு அப்படியே நாகர்கோவிலுக்குப் போனார்கள். இரண்டு இருக்கைதானே, எனக்கு இடமில்லை.

மன்னி எப்போது திரும்பி வந்தாள் என்பதெல்லாம் பெரிய கதையில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட அவள் இருந்தாள். இன்று இரண்டு பேரும் அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு, எந்த வழியாகப் போவது என்று தெருவுக்கே கேட்கும்படி சண்டை போடுகிறார்கள். எனக்குக் காது வலிக்கிறது. ஆனால் என் உத்தியோகம் முடிந்தது அந்தத் தசமி சாயங்காலம்தான். அண்ணா தனியாகத் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணாவின் எண்ணுக்கு மன்னி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அன்றும் என் போன்தான் அடித்தது. வண்டி பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று கேட்டாள். சேர்ந்தது என்றேன். வழக்கப்படி, என்ன சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

"அவர்கிட்ட குடு" என்றாள்.